சர்வே எண்ணில் தொடங்குங்கள்: குமரி மாவட்டத்தில் குளம், வயல், பூங்கா நிலம் காக்கும் வழிமுறை

குளத்தில் மண் கொட்டத் தொடங்கிய பிறகு ஊரே திரண்டு ஜேசிபி முன்னால் போய் நின்றாலும், மிஞ்சினால் ஒரு வாரம் வேலை நிற்கும். அந்த நிலம் அதற்கு வெகுநாள் முன்பே கைவிட்டுப் போயிருக்கும். எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடத்தில் அதன் நிறம் மாறியிருக்கும், அல்லது ஒரு மனைப்பிரிவுக்கு ஒப்புதல் எண் விழுந்திருக்கும். அந்தக் கட்டத்தில் யாரும் கேட்கவில்லை என்பதுதான் பின்னால் கோர்ட்டில் எதிர்த்தரப்பு சொல்லும் முதல் வாதம். அதனால் இங்கே சொல்வதெல்லாம் ஜேசிபி வருவதற்கு முந்தைய வேலை: எந்தத் தாளை எடுப்பது, யாருக்கு எழுதுவது, எந்தத் தேதிக்குள் எழுதுவது.

குமரியில் இது கொஞ்சம் சிக்கலானது. இங்கே வீடுகள் ஒரே இடத்தில் நெருங்கி இல்லை. ஒவ்வொரு வீடும் அதனதன் விளையில், அதாவது தோப்பு நிலத்தில், இருக்கிறது. கண்ணுக்குத் திறந்தவெளியாகத் தெரிவதில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய பட்டா நிலம். அரசுக்குச் சொந்தமாக மிஞ்சுவது குளம், சானல் (பாசனக் கால்வாய்), ஓடை, பொற்றை (சிறு குன்று), சுடுகாடு, ஆறு கடலில் சேரும் பொழிமுகத்து மணல், வடக்கே காடு. இரண்டையும் ஒரே முறையில் காக்க முடியாது. அரசு நிலத்துக்கு வருவாய்ப் பதிவேடு. பட்டா நிலத்துக்கு நிலப் பயன்பாட்டு வகைப்பாடு. இதைக் குழப்பிக்கொண்டு எழுதும் மனுக்கள்தான் அலுவலக மேசையில் தூங்குகின்றன.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துவிடலாம். களியக்காவிளை தாண்டினால் நெல்வயலை நிரப்பத் தடை இருக்கிறது. அது கேரளத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டம். மலையாளச் செய்தி பார்த்துவிட்டு இங்கும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் நிறைய. தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவுக்கு மட்டும். தோவாளை ஏலா, தேரூர் பத்து போன்ற வயல்வெளிகளுக்கு நமக்குக் கையில் இருப்பது தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971, அதன் கீழ் வந்த விதிகள், உள்ளாட்சித் தீர்மானம். அவ்வளவுதான். ஆனால் ஒழுங்காகப் பயன்படுத்தினால் அது குறைவில்லை.

முதல் வேலை: நிலத்தைத் தாளில் அடையாளம் காண்பது

"எங்கள் ஊர்க் குளம்" என்று எழுதிய மனுவுக்குப் பதில் வராது. மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு ஆகிய ஆறும் வேண்டும். இணையத்தில் தமிழ்நாடு அரசின் மின்சேவைத் தளத்தில், ஒவ்வொரு சர்வே எண்ணின் விவரமும் எழுதிய அ-பதிவேடும், அதன் எல்லைகளை அளந்து வரைந்த புலப்படமும் பார்க்கலாம், எல்லோரும் எஃப்.எம்.பி. என்று சொல்வது இந்தப் புலப்படத்தைத்தான். அ-பதிவேட்டில் பார்க்க வேண்டியது நிலத்தின் வகை. "குளம் புறம்போக்கு", "ஓடை", "வாய்க்கால்", "பாறை", "தரிசு" என்று எது எழுதியிருக்கிறது என்பதுதான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். தரிசு என்று எழுதியிருந்தால் அது ஒப்படைக்கக்கூடிய நிலம். நாளைக்கே ஒரு அரசுக் கட்டடத்துக்கு ஒதுக்கிவிடலாம். நீர்நிலை என்று இருந்தால் அது எளிதில் நடக்காது.

குமரியில் ஒரு கூடுதல் தலைவலி, பழைய எண்ணும், பின்னால் மறுபடி அளந்து கொடுத்த ரீசர்வே எண்ணும். திருவிதாங்கூர் காலத்துப் பத்திரங்களில் பழைய சர்வே எண்ணும் கொல்லம் ஆண்டும் இருக்கும். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு கிடைக்கும். பழைய எண்ணுக்கு இணையான ரீசர்வே எண்ணைத் தாலுகா அலுவலகத்தின் நில அளவைப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். மனுவில் இரண்டையும் எழுதுங்கள். ஒரே குளத்தின் ஒரு பகுதி ரீசர்வேயில் வேறு எண்ணுக்குப் போய், அது தரிசு ஆகிவிட்டிருப்பதை இந்த ஒப்பீட்டில்தான் கண்டுபிடிக்க முடியும்.

புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் நடந்து பாருங்கள். மடையிலிருந்து தொடங்கி, உபரிநீர் வழியும் மறுகால் வரை, அங்கிருந்து அடுத்த குளம் வரை. படத்தில் இரட்டைக் கோடாக, தனி எண்ணோடு இருக்கும் வாய்க்கால் அரசு நிலம். பட்டா எண்ணுக்குள் ஓடும் வாய்க்காலுக்குத் தனி எண் இருக்காது. பல நேரம் படத்தில் ஒரு அடையாளக் கோடு மட்டும் இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. அந்த இடங்கள்தான் முதலில் அடைபடும். ஆனந்தனார் சானல், புத்தனார் சானல், தோவாளை சானல் இவற்றிலிருந்து பிரியும் கிளைகளில் இந்த வகை நிறைய உண்டு. அப்படிப்பட்ட இடத்தை நிழற்படம் எடுத்து, எந்த எண்ணில் நுழைந்து எந்த எண்ணில் வெளியேறுகிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். பட்டா நிலமானாலும் பாசன நீரோட்டத்தை அடைக்க உரிமையாளருக்கு அனுமதி இல்லை. ஆனால் ஓடியது என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு.

படம் எடுக்கும் காலமும் முக்கியம். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனிலும், அக்டோபர் நவம்பரிலும் குளம் மறுகால் பாயும்போது நீர் எதுவரை நிற்கிறது என்று தேதியோடு எடுத்து வையுங்கள். அசையாத பொருள் ஒன்று, மின்கம்பமோ மதகோ, படத்தில் இருக்கட்டும். எதிர்த்தரப்பு காட்டுவது எப்போதும் ஏப்ரலில் எடுத்த, வெடித்துக் கிடக்கும் தரைப் படமாகத்தான் இருக்கும்.

பதிவேட்டு நகல்கள் இணையத்தில் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். "இன்ன எண்ணுக்கான அ-பதிவேட்டு நகல், புலப்பட நகல், இந்த எண் தடை ஆணைப் புத்தகத்தில் உள்ளதா, உள்ளதெனில் அந்தப் பக்கத்தின் நகல்" என்று கேளுங்கள்.

இந்தத் தடை ஆணைப் புத்தகத்தைப் பலருக்குத் தெரியாது. ஒரு புறம்போக்கை யாருக்கும் ஒப்படைக்கக் கூடாது என்று வருவாய்த் துறை எழுதி வைக்கும் பதிவேடு அது. பொற்றை, மேய்ச்சல் நிலம், தரிசு என்று கிடக்கும் பொது இடங்களுக்கு இதுதான் மலிவான, உறுதியான பூட்டு. கிராம சபைத் தீர்மான நகலோடு, சர்வே எண்ணும் பரப்பும் இப்போதைய பொதுப் பயன்பாடும் எழுதி, தாசில்தார் வழியாக ஆட்சியருக்கு மனு கொடுக்க வேண்டும். நீர்நிலை அல்லாத அரசு நிலம் எதுவாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யச் சொல்வோம்.

முழுமைத் திட்டம் வரும்போது

உங்கள் ஊர் நாகர்கோவில் உள்ளூர் திட்டக் குழும எல்லைக்குள் வருகிறதா, வெளியே இருக்கிறதா என்று முதலில் நாகர்கோவிலில் உள்ள நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே என்றால் முழுமைத் திட்டம்தான் எல்லாம். வெளியே என்றால் 2017இல் வந்த நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளின்படி விண்ணப்பம் நடக்கும். நஞ்சை நிலமானால் ஆட்சியர் தரப்பும் வேளாண் துறையும் கருத்துச் சொல்லும் கட்டம் ஒன்று அதில் இருக்கிறது. வேளாண் இணை இயக்குநருக்கு நீங்கள் முன்கூட்டியே எழுத வேண்டியது: அந்த வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெற்போகமும் கடைசியாக எந்த ஆண்டு விளைந்தது, எந்தச் சானலின் எந்த மடையிலிருந்து தண்ணீர் வருகிறது, அதை நிரப்பினால் கீழே எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் போகாது. எந்த எண்ணில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கல் கணக்கின் நகலை வி.ஏ.ஓ.விடம் வாங்கி இணையுங்கள். "தொடர்ந்து தரிசாகக் கிடக்கிறது" என்று விண்ணப்பதாரர் எழுதியிருப்பார். அதை உடைக்க அடங்கல் ஒன்றுதான் உண்டு.

வரைவுத் திட்டம் வெளியாகும்போது சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வரும். ஆட்சேபம், யோசனை சொல்ல 2 மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். இரண்டு மாதம் நிறைய என்று தோன்றும்; போதாது. வரைபடம் பார்க்க ஒரு வாரம், எண்களை ஒப்பிட இரண்டு வாரம், கிராம சபையோ மன்றக் கூட்டமோ கூட்டித் தீர்மானம் போட ஒரு மாதம் போய்விடும். அதனால்தான் சர்வே எண் பட்டியலை முன்கூட்டியே தயார் செய்து வைக்கச் சொல்கிறோம்.

வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அதோடு ஒரு அட்டவணை இருக்கும். கிராம வாரியாக எந்த எண் குடியிருப்பு, எந்த எண் வேளாண்மை என்று. தவறுகள் அங்கேதான். அடிக்கடி நடப்பவை மூன்று. குளம் படத்தில் நீல நிறத்தில் இருக்கும், ஆனால் அதன் ஒரு உட்பிரிவு அட்டவணையில் குடியிருப்பில் விழுந்திருக்கும். வாய்க்கால் அகலம் குறைவு என்பதால் அந்த அளவுப் படத்தில் தெரியவே தெரியாது, இரண்டு பக்கமும் உள்ள நிறம் அதையும் விழுங்கியிருக்கும். மூன்றாவது, "214" என்று மொத்தமாக எழுதியிருப்பார்கள்; அதில் 214/3 மட்டும் ஓடைப் புறம்போக்காக இருக்கும்.

ஆட்சேப மனு ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். உணர்ச்சி வேண்டாம். இப்படி:

"இன்ன வட்டம், இன்ன கிராமம், சர்வே எண் 214/3, பரப்பு 0.42 ஹெக்டேர், அ-பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு. வரைவுத் திட்ட அட்டவணை பக்கம் 61இல் சர்வே எண் 214 முழுவதும் முதன்மைக் குடியிருப்பு என்று உள்ளது. 214/3ஐ நீக்கி நீர்நிலை என்று திருத்த வேண்டுகிறோம். இணைப்பு: அ-பதிவேடு, புலப்படம், நிழற்படம் 2. நேரில் விசாரணைக்கு வாய்ப்பு வேண்டும்."

கடைசி வரியை விடாதீர்கள். விசாரணைக்கு அழைப்பு வந்தால் போய், சொன்னதை எழுத்திலும் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு எண்ணுக்கு ஒரு மனு நல்லது. இருபது கோரிக்கையை ஒரே மனுவில் அடைத்தால் இருபதுக்கும் சேர்த்து "பரிசீலிக்கப்பட்டது" என்று ஒரே வரியில் பதில் முடிந்துவிடும்.

இனி, பலர் தடுக்கி விழும் இடம். "அந்த வயலைப் பூங்கா என்று ஒதுக்குங்கள்" என்று ஊர்க்காரர்கள் ஆர்வத்தோடு கேட்பார்கள். அது தனியார் நிலமாக இருந்தால் வேண்டாம். ஒதுக்கினால் அரசு அதை விலை கொடுத்து எடுக்க வேண்டும். அறிவிப்பு வந்து 3 ஆண்டுக்குள் எடுக்கும் நடவடிக்கை நடக்காவிட்டால், 38ஆம் பிரிவின்படி ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகவே கருதப்படும். பேரூராட்சியின் கையில் அந்தப் பணம் இருக்காது. மூன்று ஆண்டு முடிந்ததும் உரிமையாளர் கோர்ட்டுக்குப் போவார், ஜெயிப்பார், அதன்பின் அந்த நிலத்துக்கு எந்தக் கட்டும் இருக்காது. மாறாக, வேளாண்மைப் பயன்பாட்டு மண்டலம் என்று வகைப்படுத்தினால் யாரும் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை, காலாவதியும் இல்லை. பூங்கா என்ற ஒதுக்கீட்டை அரசு நிலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அதிலும் ஒரு நாசூக்கு உண்டு. வயல்காரரிடம் பேசாமல் அவர் எண்ணை வேளாண் மண்டலத்தில் சேர்க்கச் சொல்லி எழுதிவிடாதீர்கள். மனை விலைக்கும் வயல் விலைக்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். மகள் கல்யாணத்துக்கு அந்த வயலை நம்பியிருப்பவர் அங்கே உண்டு. பேசினால், ஏலா முழுவதும் ஒன்றாக இருந்தால்தான் தண்ணீர் வரும், நடுவில் ஒருவர் நிரப்பினால் மற்றவர் வயல் தானாகத் தரிசாகும் என்பதை அவர்களே சொல்வார்கள். பாசன சங்கம் கையெழுத்துப் போட்ட ஆட்சேபத்துக்கு இருக்கும் எடை, வெளியாள் போடும் மனுவுக்கு வராது.

திட்டம் இறுதியான பிறகும் தனித்தனியாக வகைப்பாடு மாற்றக் கேட்டு விண்ணப்பங்கள் வரும். அவற்றின் அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில், சின்ன எழுத்தில், சர்வே எண்ணோடு வரும். ஊரில் ஒருவர் தினமும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். அலுப்பான வேலைதான்.

மனைப்பிரிவில் வரவேண்டிய 10 சதவீதம்

புதிதாக ஒரு பூங்காவை அரசு பணம் போடாமலேயே பெறும் ஒரே வழி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, மனைப்பிரிவின் பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும். பணமாகக் கட்ட முடியாது. 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலமாகக் கொடுக்கலாம், அல்லது வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். 3,000க்குக் கீழ் ஒன்றும் இல்லை. அரசியல் தலையீட்டில் வேகமாகப் போகும் கோப்பில்கூட இந்த எண்களை யாரும் மாற்ற முடியாது, கவனிக்க ஆள் இருந்தால்.

நம் ஊரில் சென்ட் கணக்கு. ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். ஆக 3,000 என்பது ஏறத்தாழ 74 சென்ட். 10,000 என்பது 2 ஏக்கர் 47 சென்ட். 3 ஏக்கர் தென்னந்தோப்பை மனை போடுகிறார்கள் என்று வையுங்கள். சாலைக்கு 60 சென்ட் போனால் மீதி 240. அதில் 24 சென்ட் ஊருக்கு. கைப்பந்து மைதானமும் நாலு மாமரமும் ஒரு கிணறும் தாராளமாக அடங்கும்.

இதைத் தவிர்க்கத்தான் நிலத்தைத் துண்டு போடுவார்கள். 2 ஏக்கர் 80 சென்ட் நிலத்தை 70, 70 சென்டாக நான்கு விண்ணப்பம் போட்டால் ஒவ்வொன்றும் 74க்குக் கீழ், பூங்கா பூஜ்யம். கண்டுபிடிப்பது எளிது. நான்கு வரைபடத்திலும் சாலை ஒன்றின் முனையிலிருந்து இன்னொன்று நேராகத் தொடரும். பவர் ஏஜென்ட் ஒரே ஆளாக இருப்பார். வில்லங்கச் சான்று போட்டால் தாய்ப் பத்திரம் ஒன்றாகவே வரும். ஒப்புதல் விழுவதற்கு முன் நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகத்துக்கு, இவை ஒரே மனைப்பிரிவு, ஒன்றாகக் கணக்கிட வேண்டும் என்று அந்தப் பத்திர எண்களோடு எழுதுங்கள். ஒப்புதலுக்குப் பின் எழுதினால் வேலை பத்து மடங்கு.

ஒதுக்கும் இடத்தின் வடிவத்தையும் பாருங்கள். 100 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, எந்தப் பக்கமும் 10 மீட்டருக்குக் குறையக் கூடாது. சானல் கரையோரமாக 4 மீட்டர் அகலத்தில் நீளமாக ஒரு வாலைக் காட்டி "பூங்கா" என்று எழுதியிருந்தால் அது செல்லாது. உயரழுத்த மின்கம்பிக்குக் கீழேயும், மழையில் மூழ்கும் மூலையிலும் தள்ளிவிட்டிருந்தால் அதையும் ஆட்சேபிக்கலாம்.

பழைய மனைப்பிரிவுகளில் வேறு கதை. பூங்கா என்று வரைபடத்தில் பச்சையாக இருக்கும். தரையில் வீடு இருக்கும். காரணம் பெரும்பாலும் ஒன்றே: தானப் பத்திரம் பதிவாகியிருக்கும், பட்டா மாறியிருக்காது. பதிவேட்டில் பழைய உரிமையாளர் பெயரே கிடக்கும். இருபது ஆண்டு கழித்து வாரிசுகள் பட்டாவை வைத்து விற்றுவிடுவார்கள். உங்கள் பகுதியில் ஒவ்வொரு ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவுக்கும் இதைச் சரிபாருங்கள்: ஒப்புதல் எண்ணோடு வரைபட நகல், தானப் பத்திர எண், அந்த எண்ணுக்கு வில்லங்கச் சான்று, இப்போதைய பட்டா யார் பெயரில். பட்டா மாறவில்லை என்றால் பேரூராட்சியில் செயல் அலுவலருக்கு, ஊராட்சியில் பி.டி.ஓ.வுக்கு, உட்பிரிவு செய்து உள்ளாட்சி பெயருக்குப் பட்டா மாற்றச் சொல்லி மனு. தானப் பத்திரமே இல்லை என்றாலும் கைவிட வேண்டாம். ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தை மனையாக விற்க முடியாது. பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது.

ஒப்புதல் இல்லாத மனைகளை வரைமுறைப்படுத்தும் 2017 விதிகளும் நீர்நிலை, புறம்போக்கு, பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் ஆகியவற்றை வரைமுறைப்படுத்த அனுமதிக்கவில்லை. அந்த விதிகள் 2016 அக்டோபர் 20க்கு முன் பிரித்த மனைகளுக்கு மட்டுமே.

தீர்மானம் எங்கே போடுவது

குமரியில் ஊராட்சிகள் 95. பேரூராட்சிகள் ஏறத்தாழ 50. அதாவது கிராமம் போலவே இருக்கும் பல ஊர்களுக்குக் கிராம சபை கிடையாது. அங்கே மன்றத் தீர்மானமும், வார்டு அளவிலான பகுதி சபையும்தான். உங்கள் வார்டில் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று செயல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்கும் வரை அது காகிதத்தில் மட்டும் கூடுகிற இடங்கள் உண்டு.

ஊராட்சியானால் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கோரம், அதாவது குறைந்தபட்சம் வர வேண்டிய ஆள் எண்ணிக்கை, முக்கியம்: மக்கள் தொகை 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர், அதற்கு மேல் 300 பேர். கையெழுத்து குறைந்தால் தீர்மானத்தைப் பின்னால் ஒரே வரியில் தள்ளிவிடலாம். ஒரு வாரம் முன்பே பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள். தீர்மானத்தில் "நீர்நிலைகளைக் காக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. சர்வே எண் அட்டவணையைத் தீர்மானத்தின் பகுதியாகவே எழுதச் செய்யுங்கள். கூட்டம் கலைவதற்குள் தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் படித்துப் பார்த்துப் படமெடுங்கள்.

குளக்கரை, கடற்கரை, பொற்றை, கோயில் நிலம்

சுசீந்திரம் தேரூர் ஈரநில வளாகமும் வேம்பனூர் ஈரநில வளாகமும் 2022இல் ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. பரப்பு முறையே 94.23, 19.75 ஹெக்டேர். இவற்றுக்கு 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் பொருந்தும். கடந்த 10 ஆண்டுகளின் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத் துறை தவிர, நிரந்தரக் கட்டடம் கூடாது. அந்த மட்டம் எங்கே என்ற கேள்விக்குத்தான் மேலே சொன்ன மறுகால் காலப் படங்கள் உதவும். பக்கத்தில் கட்டட அனுமதி கேட்டால், அந்த 50 மீட்டர் கோட்டைத் தரையில் அளந்து காட்டும் வரை அனுமதி தர வேண்டாம் என்று உள்ளாட்சிக்கும் ஆட்சியருக்கும் எழுதலாம்.

மற்ற குளங்கள் பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்த நீர்வளத் துறையின் கையில் இருந்தால் 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். உள்ளாட்சிக் குளமானால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். தவறான துறைக்கு மனு போனால் இரண்டு துறையும் கைகாட்டிக்கொண்டே ஒரு வருஷம் ஓடிவிடும். மனு எழுதும் முன் குளம் யாருடையது என்று கேட்டு வாங்குங்கள்.

மணக்குடி, ராஜாக்கமங்கலம், தேங்காய்ப்பட்டணம் போன்ற பொழிமுகங்களில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடம்தான் ஆதாரம். அலையாத்தியும் மணல்மேடும் எந்த வகையில் குறிக்கப்பட்டிருக்கின்றன என்று ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோர மண்டலக் குழுவிடம் உங்கள் கிராமத் தாளின் நகல் கேளுங்கள். அலையாத்தி நிற்கும் இடம் விடுபட்டிருந்தால், வரைவு வெளியாகும் காலத்தில் ஆட்சேபிப்பதுதான் வழி.

பொற்றைக்கு வருவோம். மண்ணெடுக்க அனுமதி கேட்டால் அந்த மண் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். இங்கே ஒரு பொற்றையை இடித்த செம்மண்தான் இன்னொரு வயலை நிரப்புகிறது. மண் லாரிக்குத் தரும் நடைச்சீட்டு ஒன்றைப் பிடித்தால் இரண்டு நிலத்துக்கும் ஆதாரம். மாவட்டக் கனிம ஆய்வறிக்கையின் வரைவு மாவட்ட இணையதளத்தில் 21 நாள் கருத்துக்காக இருக்கும். உங்கள் பொற்றையின் எண் அதில் இருந்தால் அப்போதே எழுத வேண்டும். பொது விசாரணை தேவைப்படும் குவாரியானால் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. தோவாளை, கல்குளம், விளவங்கோடு பக்கத்து மலையோரக் கிராமங்கள் பல மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும வரம்பில் வருகின்றன; அங்கே மனைப்பிரிவுக்கு அந்தக் குழுமத்தின் இசைவும் வேண்டும்.

கோயில் நிலமாக இருந்தால் அறநிலையத் துறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு: விற்கவோ 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும், ஆட்சேபம் சொல்ல ஒரு மாதத்துக்குக் குறையாத அவகாசம் வேண்டும். காவுகளுக்கு, அதாவது தெய்வத்துக்கென விட்ட சோலைகளுக்கு, வேறொரு வழியும் இருக்கிறது. உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு வழியாகப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கக் கேட்கலாம். 2022இல் மதுரை அரிட்டாபட்டிக்கு அது கிடைத்தது.

கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தால்

நமக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. சுற்றுச்சூழல் விஷயமானால் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். "மனு கொடுத்தோம், பதில் வரும் என்று காத்திருந்தோம்" என்று சொல்லி அந்த ஆறு மாதத்தைத் தவறவிடுவதுதான் இங்கே அதிகம் நடப்பது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் ஊர்ப் பொது நிலத்துக்கு 2011 ஜக்பால் சிங் தீர்ப்பும், குளத்துக்கு 2001 ஹிஞ்ச் லால் திவாரி தீர்ப்பும் வக்கீலுக்குத் தெரிந்தவைதான். அவரிடம் இல்லாதது உங்கள் கோப்பு: முத்திரை விழுந்த மனு நகல்கள் தேதி வரிசையில், அ-பதிவேடு, புலப்படம், தீர்மானம், படங்கள். மனு கொடுத்த அலுவலகத்தில் ரசீது தர மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள்.

காத்த நிலத்தையும் ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும். வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூன் 30இல் முடியும். அதையொட்டி மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்குகளை அன்று மேலதிகாரி நேரில் பார்ப்பார். உங்கள் கிராமத்துக்கு ஒதுக்கிய நாளில், பட்டியலில் உள்ள எண்களின் அ-பதிவேட்டைப் புதிதாக எடுத்துக்கொண்டு போய், போன வருஷத்து நகலோடு ஒப்பிட்டு, மாறியிருக்கும் எண்ணுக்கு மட்டும் அங்கேயே மனு கொடுங்கள். அன்று கொடுக்கும் மனுவுக்கு வரிசை எண் விழும்; அதைக் குறித்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.